முட்டத்துப் பாறையில் உட்கார்ந்து ரேச்சல் கார்சனை வாசிப்பது

ரேச்சல் கார்சன் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அவருக்கு 22 வயது. குமரி மாவட்டத்துக்காரர்கள் இதை நம்பக் கொஞ்சம் சிரமப்படுவார்கள். இங்கே மலையடிவாரத்துக் குலசேகரத்திலோ கீரிப்பாறையிலோ பிறந்த பிள்ளைகூட ஆடி அமாவாசை, கோயில் திருவிழா, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று ஏதாவது ஒரு சாக்கில், நடக்கப் பழகுவதற்குள் கடப்புறத்துக்கு வந்து கால் நனைத்துவிடும். கார்சன் பிறந்தது 1907 மே 27ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகெனி ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில். கடல் அங்கிருந்து வெகுதூரம். வீட்டைச் சுற்றித் தோட்டமும் காடும் இருந்தன. அம்மா மரியா மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பறவைகளையும் பூச்சிகளையும் காட்டி வளர்த்தார். பதினோரு வயதில் ஒரு சிறுவர் பத்திரிகையில் அவருடைய கதை அச்சாகிவிட்டது. கடலைப் பற்றிக் கையில் கிடைத்ததை எல்லாம் வாசித்தார். பார்க்காத ஒன்றின்மேல் அப்படி ஓர் ஆசை.

நம் ஊரில் கார்சனைப் பற்றிப் பேச்சு வந்தால், 'டி.டி.டி. பூச்சிமருந்துக்கு எதிராகப் புத்தகம் எழுதியவர்தானே' என்பதோடு முடிந்துவிடும். அது சரிதான். ஆனால் அவர் வாழ்நாளில் வெளிவந்த நான்கு முக்கியமான புத்தகங்களில் மூன்று கடலைப் பற்றியவை. நான்காவது புத்தகமான 'சைலன்ட் ஸ்பிரிங்' ஒரு நாட்டின் அரசையும் ரசாயனக் கம்பெனிகளையும் உலுக்கியது என்றால், அதற்கான பலம் முதல் மூன்றை எழுதிய வருடங்களில் சேர்ந்தது. எனக்குக் கார்சனிடம் பிடித்ததே இதுதான். கடலோரத்தில் வாழ்கிற நாம் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

கல்லூரியில் முதலில் ஆங்கில இலக்கியம்தான் எடுத்திருந்தார். மேரி ஸ்காட் ஸ்கிங்கர் என்ற உயிரியல் பேராசிரியையின் வகுப்பில் உட்கார்ந்த பிறகு உயிரியலுக்கு மாறினார். எழுத்தை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவருக்குச் சில காலம் இருந்தது. எழுதுவதற்கான விஷயமே இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டார். 1929இல் பட்டம் பெற்றதும் மாசசூசெட்ஸ் கரையிலுள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் ஒரு கோடைக்காலம். கடலைப் பார்த்தது அங்கேதான். 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முதுகலை முடித்தார். முனைவர் பட்டத்துக்குப் படிக்க ஆசை இருந்தது, பணம் இல்லை. அமெரிக்கா முழுக்கப் பஞ்சம் போல இருந்த காலம் அது. 1935இல் அப்பா இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து அக்கா இறந்தார். அக்காவின் இரண்டு பெண் குழந்தைகளும் வயதான அம்மாவும் இவருடைய சம்பளத்தை நம்பி வாழ வேண்டிய நிலை.

அந்தச் சம்பளம் அரசின் மீன்துறையிலிருந்து வந்தது. வானொலியில் கடல் உயிர்களைப் பற்றி ஏழேழு நிமிட நிகழ்ச்சிகளுக்கு எழுதித் தரும் பகுதிநேர வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்தவர் எல்மர் ஹிக்கின்ஸ். துறையின் ஒரு வெளியீட்டுக்கு முன்னுரை மாதிரி ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார். கார்சன் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, இது அரசாங்கப் பிரசுரத்துக்குச் சரிப்படாது, அட்லாண்டிக் மாதப் பத்திரிகைக்கு அனுப்பு என்று சொன்னார். 1937 செப்டம்பரில் அது அந்தப் பத்திரிகையில் வெளிவந்தது. கடலுக்கு அடியில் இருக்கும் உலகத்தை ஒரு மீனின் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரியான கட்டுரை. தனக்குக் கீழே வேலை பார்க்கும் ஒருவரின் எழுத்து அலுவலகக் காகிதத்துக்கு அடங்காது என்று கண்டு, அதைச் சரியான இடத்துக்கு அனுப்பச் சொன்ன அந்த அதிகாரிக்கு நாம் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம்.

1936இல் வேலை நிரந்தரமானது. மீன்பிடிப்பு அறிக்கைகளைத் திருத்துவது, எந்த மீனை எப்படிச் சமைக்கலாம் என்று குடும்பப் பெண்களுக்குத் துண்டுப் பிரசுரம் எழுதுவது, சரணாலயங்களைப் பற்றிச் சிறு நூல்கள் தயாரிப்பது என்று அலுவலகத்தில் அவருக்கு ஓயாத வேலை. பால்டிமோர் நாளிதழ்களுக்கு மீன்வளம் பற்றி எழுதும்போது 'ஆர். எல். கார்சன்' என்று கையெழுத்திட்டார். எழுதியது ஆண் என்று நினைத்தால்தான் அறிவியல் விஷயத்தை மதித்து வாசிப்பார்கள் என்ற காலம். 1949இல் அந்தத் துறையின் எல்லா வெளியீடுகளுக்கும் தலைமை ஆசிரியராக உயர்ந்தார். பகல் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதிய கடினமான அறிக்கைகளைச் சாதாரண ஆளுக்குப் புரியும்படி மாற்றுவது, இரவில் தன் புத்தகத்தை எழுதுவது. பதினைந்து வருடத்துக்கு மேல் இப்படித்தான் போனது. எந்த ஆராய்ச்சிக்கூடத்தில் யார் எதை ஆராய்கிறார்கள், யாரிடம் கேட்டால் நம்பகமான பதில் வரும் என்பதெல்லாம் இந்த வேலையில் அவருக்குத் தெரிந்துபோனது. பிறகு அது எப்படிக் கைகொடுத்தது என்பதற்கு வருகிறேன்.

முதல் புத்தகம் 'அண்டர் தி ஸீ விண்ட்', 1941 நவம்பரில் வந்தது. ஐந்து வாரத்தில் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்து அமெரிக்கா போருக்குள் போய்விட்டது. கடற்பறவையைப் பற்றி யார் வாசிப்பார்கள்? இரண்டாயிரம் பிரதிகூட விற்கவில்லை. எனக்கு அவர் எழுதியதில் இதுதான் ரொம்பப் பிடிக்கும். கரைப்பறவைகள் ஒரு பகுதி, ஸ்காம்பர் என்று பெயரிடப்பட்ட ஓர் அயிலை மீன் ஒரு பகுதி, ஆங்குவில்லா என்ற விலாங்கு ஒரு பகுதி. அந்த அயிலை முட்டையிலிருந்து பொரிந்து, பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பி, வலைக்குத் தப்பி வளர்வதுதான் கதை. மீனுக்கு மனித மனத்தை ஒட்டவைக்காமல், ஆனால் மீனோடு கூடவே நீந்துகிற மாதிரி எழுதியிருப்பார். அட்லாண்டிக் அயிலையும் நம் குளச்சல் ஏலத்தில் குவிகிற அயிலையும் ஒரே குடும்பம், இனம் வேறு. அதனால் என்ன, அந்தப் பகுதியை வாசித்த பிறகு சந்தையில் அயிலை வாங்கும்போது அதன் முதுகில் ஓடும் கோடுகளை நின்று பார்க்கத் தோன்றுகிறது. விலாங்கும் நமக்கு அந்நியமில்லை. ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மட்டும் கடலுக்குப் போகிற உயிர் அது. ஆற்று மீன் என்று நினைத்துப் பிடிக்கிறோம். அது எந்தக் கடலின் எந்த ஆழத்தில் பிறந்து வந்ததோ.

1951 ஜூலையில் இரண்டாவது புத்தகம், 'தி ஸீ அரௌண்ட் அஸ்'. கடல் எப்படி உண்டானது, அலை எப்படிப் பிறக்கிறது, நிலாவுக்கும் ஏற்றவற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பூமியின் வரலாறு முழுக்கக் கடல் வழியாகச் சொன்ன புத்தகம். நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் 86 வாரம் இருந்தது. 1952இல் தேசியப் புத்தக விருது கிடைத்தது. போரில் மூழ்கிப்போன முதல் புத்தகத்தை மறுபடி அச்சிட, அதுவும் விற்றுத் தீர்ந்தது. அந்த வருடமே அரசு வேலையை விட்டார். மெய்ன் மாநிலத்துக் கடற்கரையில், சௌத்போர்ட் தீவில், பாறைக்கு மேலே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார்.

மூன்றாவது புத்தகம் 'தி எட்ஜ் ஆஃப் தி ஸீ', 1955. கரையைப் பாறைக்கரை, மணற்கரை, பவளக்கரை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று சொல்லும். இதை நான் முதலில் வாசித்தது முட்டத்தில். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் கடல் வற்றும்போது குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். சுற்றுலா வருகிறவர்கள் அங்கே நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். குனிந்து பார்த்தால் கடல் சாமந்தி, நத்தை, பாறையோடு ஒட்டிய கொட்டலசு, விரல் நீள மீன் குஞ்சு என்று ஒரு தெருவே அதற்குள் இருக்கிறது. கார்சன் மெய்ன் கரையில் இப்படிப்பட்ட குட்டைகளில் மணிக்கணக்காக நின்றிருக்கிறார். அங்கே தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். கால் மரத்துப்போய் நடக்க முடியாத அவரை, புத்தகத்துக்குப் படம் வரைந்த பாப் ஹைன்ஸ் தூக்கிக்கொண்டு கரைக்கு வர வேண்டியிருந்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக எடுத்துப்போன உயிர்களை, பார்த்து முடித்ததும் வாளியோடு கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவார். இரவு நேரமானாலும் டார்ச் விளக்கோடு பாறையில் இறங்கிப் போவார்.

எங்களுக்குச் சிப்பி கொண்டுவரும் கடியப்பட்டணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, கையில் உளியோடு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பெயர்த்தெடுக்கிற தொழில். கார்சன் எழுதியதை வைத்து, சில பாறையில் மட்டும் சிப்பி மண்டிக் கிடப்பதேன் என்று அவரிடம் கேட்டேன்.

"வெள்ளம் சும்மா கிடக்கிற பாறையில சிப்பி பிடிக்காது டீச்சர். அலை வந்து அடிச்சுக்கிட்டே இருக்கணும். அப்பதான் அதுக்குத் தீனி" என்றார்.

கார்சன் சில பக்கங்களில் விளக்குவதும் இதைத்தான். சிப்பி இடம்விட்டு நகராது. அலை கொண்டுவரும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றுதான் அது வாழ வேண்டும். அண்ணனுக்கு எந்தப் பாறையில் எப்போது சிப்பி விழும், எத்தனை மாதத்தில் எடுக்கத் தோதாகும், எந்தப் பாறையை இந்த வருடம் தொடாமல் விட வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அவர் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். அவர் சொல்வதை யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, டி.டி.டி.க்கு வருகிறேன்.

1939இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் இந்தப் பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். போரில் சிப்பாய்களைப் பேனிலிருந்தும் கொசுவிலிருந்தும் காப்பாற்றியது. 1948இல் அவருக்கு நோபல் பரிசு. எல்லோரும் கொண்டாடிய நேரத்திலேயே, 1945இல், கார்சன் ஒரு பெரிய பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார்: மேரிலாந்தில் எங்கள் துறை ஆய்வாளர்கள் டி.டி.டி. மற்ற உயிர்களை என்ன செய்கிறது என்று பரிசோதிக்கிறார்கள், அதைப் பற்றி எழுதட்டுமா? அந்தப் பத்திரிகை வேண்டாம் என்றுவிட்டது. 1958 ஜனவரியில் ஓல்கா ஓவன்ஸ் ஹக்கின்ஸ் என்ற தோழியிடமிருந்து கடிதம் வந்தது. மாசசூசெட்ஸில் அவர் வைத்திருந்த சின்னப் பறவைச் சரணாலயத்துக்கு மேலே கொசுவை ஒழிக்க விமானத்திலிருந்து மருந்து தெளித்தார்கள். பறவைகள் வாசலில் செத்து விழுந்தன. யாரிடம் முறையிடலாம் என்று தோழி கேட்டிருந்தார். அதே காலத்தில் லாங் ஐலண்டில் மக்கள் விமானத் தெளிப்புக்கு எதிராக வழக்குப் போட்டிருந்தார்கள். வேறு யாராவது இதை எழுதினால் நல்லது என்றுதான் கார்சன் முதலில் நினைத்தார். எழுத ஆள் கிடைக்கவில்லை. தானே உட்கார்ந்தார். நாலு வருடம் ஆனது.

மீன்துறையில் பழகிய ஆய்வாளர்கள், நூலகர்கள், மருத்துவர்கள் எல்லோரும் இப்போது உதவிக்கு வந்தார்கள். புத்தகத்தின் கடைசியில் ஆதாரப் பட்டியல் மட்டும் 50 பக்கத்துக்கு மேல் போனது. ஒவ்வொரு வரியையும் எதிர்த்தரப்பு வக்கீல் வாசிப்பார் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்.

அந்தப் புத்தகத்தில் கலிபோர்னியாவின் கிளியர் லேக் பற்றிய பகுதியை நான் தேரூர் குளத்தங்கரையில் வைத்து என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அந்த ஏரியில் ஒரு வகைச் சின்னப் பூச்சி கூட்டம் கூட்டமாக வரும். கடிக்காது, நோய் பரப்பாது. மீன்பிடிக்க வருகிறவர்களுக்குத் தொந்தரவு, அவ்வளவுதான். அதை ஒழிக்க, டி.டி.டி.க்கு நெருங்கிய உறவான, மீன்களுக்குக் கேடு குறைவு என்று நம்பப்பட்ட இன்னொரு மருந்தை 1949இல் ஏரியில் கலந்தார்கள். ஏழு கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து. யாருக்கும் பயம் தோன்றாத அளவு. பூச்சி திரும்பி வந்தது, 1954இல் இன்னொரு தடவை, 1957இல் இன்னொரு தடவை. முக்குளிப்பான் குடும்பத்துப் பெரிய பறவைகள் அங்கே ஆயிரம் ஜோடிக்கு மேல் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவை சாக ஆரம்பித்தன. நோய் என்று நினைத்தார்கள், கிருமி எதுவும் அகப்படவில்லை. கடைசியில் பறவையின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்தில் 1,600 பங்கு மருந்து இருந்தது. தண்ணீரில் இருந்ததைப் பாசியும் நுண்ணுயிர்களும் உடம்பில் சேர்த்தன. அவற்றைத் தின்ற சின்ன மீனில் கூடியது, அதைத் தின்ற பெரிய மீனில் இன்னும் கூடியது, மீனையே தின்று வாழும் பறவையில் பல ஆயிரம் மடங்காகிவிட்டது. 1960இல் மிஞ்சியது சுமார் 30 ஜோடி. அவற்றிலும் குஞ்சைப் பார்த்தவர்கள் இல்லை.

கவிமணி பிறந்த ஊரின் குளம் தேரூர் குளம். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளுக்கு 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்குத் தருகிற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அங்கே கூழைக்கடாவும் நீர்க்காகமும் நாரையும் வருகின்றன, முக்குளிப்பான் வருடம் முழுக்க இருக்கிறது. ஆனால் இது காட்டுக்குள் இருக்கும் ஏரி இல்லை. சுற்றிலும் வயல். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்போகத்துக்கும் வயலில் அடிக்கிற மருந்தும், வாழைக்குப் போடுகிற குருணை மருந்தும் மழையோடு வாய்க்காலுக்கு வந்து, வாய்க்காலில் இருந்து குளத்துக்கு வரும். இன்று புழங்கும் மருந்துகள் பெரும்பாலும் டி.டி.டி. மாதிரி வருடக்கணக்கில் மண்ணில் கிடப்பவை இல்லை. சிலது சீக்கிரம் சிதைந்துவிடும். சிதைவதற்குள் என்ன செய்கிறது என்பதுதான் பிரச்சினை.

என் பாட்டாவுக்கு நாஞ்சில் நாட்டு வயல் கொஞ்சம் இருந்தது. நடவு முடிந்து தண்ணீர் கட்டி நிற்கிற நாட்களில் வயலுக்குள்ளேயே கெண்டையும் கெளிறும் ஓடும், வரப்பில் நண்டு வளை போட்டிருக்கும். ஒரு கும்பப்பூவில் புகையான் என்ற பூச்சி விழுந்து மருந்தடித்தார்கள். மறுநாள் காலை மடைவாயில் மீனும் தவளையும் தண்ணீர்ப் பாம்பும் வயிறு வெளுத்துக் கிடந்தன. ஆச்சி அன்றைக்கு வாய்க்கால் தண்ணீரில் பாத்திரம் கழுவவிடவில்லை. பாட்டா மண்வெட்டியால் எல்லாவற்றையும் ஒதுக்கிக் குழிதோண்டி மூடினார். புகையானைத் தின்கிற சிலந்தியும் சின்ன வண்டும் அதே மருந்தில் செத்துவிடும், அதனால் அடுத்த முறை புகையான் இன்னும் அதிகமாக வரும் என்று அவருக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. கார்சன் இதை 1962லேயே பல பயிர்களை வைத்து எழுதிவிட்டார்.

அந்த வருடம் ஜூன் மாதம் நியூயார்க்கர் இதழில் தொடராகவும், செப்டம்பர் 27ஆம் தேதி புத்தகமாகவும் 'சைலன்ட் ஸ்பிரிங்' வெளிவந்தது. வரும் முன்னாலேயே ஒரு ரசாயனக் கம்பெனி பதிப்பகத்துக்கு வழக்கு மிரட்டல் விடுத்தது. இன்னொன்று அந்தப் புத்தகத்தை நையாண்டி செய்து எழுதி நாடு முழுக்க அனுப்பியது. இந்தப் பெண் சொல்வதைக் கேட்டால் நாம் இருண்ட காலத்துக்குத் திரும்பிவிடுவோம், பூச்சிகளும் நோய்களும் பூமியை ஆளும் என்று ராபர்ட் வைட் ஸ்டீவன்ஸ் என்ற கம்பெனி விஞ்ஞானி ஊர் ஊராகப் பேசினார். உணர்ச்சிவசப்பட்டவர், முனைவர் பட்டம் இல்லாதவர், கல்யாணம் ஆகாதவருக்கு வருங்காலத் தலைமுறை பற்றி என்ன கவலை என்றெல்லாம் பேச்சு வந்தது. கல்யாணம் ஆகாத அந்தப் பெண், 1957இல் அக்கா மகள் இறந்தபோது அவளுடைய ஐந்து வயது மகன் ரோஜரைத் தத்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே யாருக்கும் தெரியாத இன்னொன்று இருந்தது. 1960 ஏப்ரலில் அவருக்கு மார்பக அறுவை சிகிச்சை நடந்தது. புற்றுநோய் என்று மருத்துவர் நேராகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பெண்களிடம் சொல்ல மாட்டார்கள். மாதங்கள் கழித்து வேறொரு மருத்துவரிடம் போய்த்தான் உண்மை தெரிந்தது, அதற்குள் பரவியிருந்தது. புத்தகத்தின் ஒரு பகுதியைக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நடுவில் எழுதினார். ரசாயனத்தால் புற்றுநோய் வருமா என்றும் புத்தகத்தில் எழுதியிருந்தார். தனக்கே அந்த நோய் என்று தெரிந்தால் சொந்தக் கோபத்தில் எழுதினார் என்று எதிரிகள் தள்ளிவிடுவார்கள் என்பதால் கடைசிவரை மறைத்தார்.

1963 ஏப்ரல் 3ஆம் தேதி சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நிகழ்ச்சி. ஒளிபரப்புக்கு முன் விளம்பரதாரர்கள் மூன்று பேர் விலகிக்கொண்டார்கள். ஒரு பக்கம் வெள்ளைக் கோட்டுப் போட்ட வைட் ஸ்டீவன்ஸ் சத்தமாகப் பேசினார். இன்னொரு பக்கம் கார்சன் நாற்காலியில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மே மாதம் அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு தன் அறிக்கையில் கார்சன் சொன்னதன் சாரத்தை ஏற்றுக்கொண்டது. ஜூனில் செனட் குழு முன் சாட்சி சொன்னார். தன் வீட்டுக்குள் வேறொருவர் தெளிக்கும் நஞ்சு வராமல் இருப்பது குடிமகனின் உரிமை என்று அங்கே வாதாடினார். 1964 ஏப்ரல் 14ஆம் தேதி இறந்தார். 56 வயது. 1972இல் அமெரிக்கா விவசாயத்தில் டி.டி.டி.யைத் தடை செய்தது. இந்தியாவில் அதற்கு 1989 வரை ஆனது.

கார்சனால்தான் டி.டி.டி. நின்றது, அதனால் மலேரியாவில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. பூச்சிக்கொல்லியே கூடாது என்று அவர் எழுதவில்லை. கண்மூடித்தனமாக அடிக்காதே, என்ன அடிக்கிறோம் என்று தெரிந்து அடி என்றுதான் எழுதினார். அதிகம் அடித்தால் கொசு பழகிக்கொள்ளும், பிறகு நோய்க்காகத் தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாது என்றும் எச்சரித்தார். நோய் பரப்பும் கொசுவுக்கு டி.டி.டி. பயன்படுத்த உலக ஒப்பந்தம் இன்றும் இடம் கொடுக்கிறது. நம் நாட்டில் அரசு அதைத் தொடர்ந்து அடித்தது, கேரளத்தில் ஏலூரில் அரசுத் தொழிற்சாலையே தயாரித்தது. 1960களில் ஒடுங்கிப்போன மலேரியா 1976இல் 64 லட்சம் பேரைப் பிடித்தது. அப்போது இங்கே டி.டி.டி.க்குத் தடை இல்லை. கொசு பழகிக்கொண்டது அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

விமானத் தெளிப்பு எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை என்றும் நினைக்க முடியாது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். மேற்குக் குமரியில் மலையாளப் பத்திரிகை வாசிக்கிற வீடுகளில் அந்த மருந்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை விதித்தது. கார்சன் எழுதி 49 வருடம் கழித்து.

நம் மாவட்டம் போராடாத மாவட்டம் இல்லை. 1989 மே முதல் தேதி, நாட்டின் கிழக்கு, மேற்கு இரண்டு கடற்கரைகளிலிருந்தும் நடந்து வந்த மீனவர்கள் கடலைக் காப்பாற்றக் கேட்டுக் கன்னியாகுமரியில் கூடியபோது துப்பாக்கிச்சூடு வரை போனது. இனயம் துறைமுகத்துக்கு எதிராக ஊர் ஊராகத் திரண்டார்கள். இப்போது கிள்ளியூர் தாலுகா கரையில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நிற்கிறார்கள். மலையை உடைத்து லாரியில் ஏற்றுவதைத் தடுக்க நிற்கிறார்கள். மனு இருக்கிறது, வழக்கு இருக்கிறது, உண்ணாவிரதம் இருக்கிறது. நான் எல்லாவற்றிலும் தேடுவது ஒன்றைத்தான். அந்த 1,144 ஹெக்டேர் மணலில் எந்த நண்டு வாழ்கிறது, எந்த மாதம் ஆமை கரையேறுகிறது, மணல் போனால் பக்கத்து ஊர்க் கடலில் எந்த மீனின் வரத்து குறையும் என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்கிறதா என்று. அந்தக் கரைக்குள் கால் வைக்காத ஒருவரை, மெய்ன் பாறைக் குட்டைக்குள் கார்சன் இறக்கிவிட்டது மாதிரி இறக்கிவிடுகிற எழுத்து நமக்கு மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது. பள்ளம்துறையைச் சேர்ந்த வறீதையா கான்ஸ்தந்தின் பல வருடங்களாகக் கடலையும் கடலோர மக்களையும் எழுதிவருகிறார். ஒருவர் போதாது. சுமார் 70 கிலோமீட்டர் கரையில் பாறையும் மணலும், மணக்குடி மாதிரிக் காயலும், தேங்காய்ப்பட்டணம் மாதிரி ஆற்றுவாயும் இருக்கிற இடம் இது. கார்சன் மூன்று கரைகளுக்காக ஒரு நாட்டின் நீளம் முழுக்கப் பயணம் போக வேண்டியிருந்தது.

கடியப்பட்டணத்து அண்ணன் சொல்லச் சொல்லப் பாறைகளின் பெயர்களையும் அவற்றுக்குக் கணியம் பார்க்கும் விதத்தையும் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். கரையிலிருக்கும் எந்த மலையும் எந்தக் கோயில் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் வந்தால் அடியில் எந்தப் பார் (கடலடிப் பாறை) இருக்கிறது, அங்கே எந்த மாதம் என்ன மீன் கிடைக்கும், முன்பு கிடைத்து இப்போது இல்லாதது எது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முட்டத்துக்குக் கிழக்கே எனக்கு ஆள் தெரியாது. ராஜாக்கமங்கலம்துறை, பள்ளம்துறை, மணக்குடி பக்கமிருந்து இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது கடலுக்குப் போனவர்களாக இருந்தால், அவர்களிடம் கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள். சிப்பி விழும் பாறைகளிலிருந்து தொடங்கலாம்.